கனத்த வண்டியும் பழகிய கையும்

நூறு சி.சி. மோட்டார் சைக்கிளை மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டிக் கைவரப் பெற்ற இளைஞர் ஒருவர், முந்நூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் உரிமம் அவரிடம் முன்னமே இருக்கிறது. நம் நாட்டுச் சட்டம் ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்னும் ஒரே வகையைத்தான் அறியும். நூறு சி.சி. வண்டியில் தேர்வு கொடுத்துப் பெற்ற உரிமமே ஆயிரம் சி.சி. வண்டிக்கும் போதும். ஆகவே, பணம் கட்டிய மாலையே அவர் அந்தக் கனத்த வண்டியில் ஏறிப் பாளையங்கோட்டைச் சாலையில் போகலாம், தடுப்பார் எவருமில்லை.

எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் உரிமம் மூன்று படிகளாக இருக்கிறது. முதற்படி 200 சி.சி. வரை, இரண்டாம் படி 400 சி.சி. வரை, அதற்கு மேற்பட்டவை மூன்றாம் படி. ஒரு படியில் ஓராண்டு இருந்த பின்னரே அடுத்த படிக்குத் தேர்வெழுத முடியும். ஜப்பானில் இன்னும் சுவையான ஒரு சோதனை உண்டு. பதினைந்து மீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள தாழ்ந்த மேடை ஒன்றின் மீது வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டும். விரைவாகக் கடந்தால் மதிப்பெண் குறையும்! நடுத்தர வண்டிக்குக் குறைந்தது ஏழு விநாடியும், பெரிய வண்டிக்குக் குறைந்தது பத்து விநாடியும் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து விநாடியில் பதினைந்து மீட்டர் என்றால் மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. மனிதன் நடக்கும் வேகம். பெரிய வண்டியின் கடினம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்தத் தேர்வை வகுத்தவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். நமக்கு அத்தகைய படிகளைச் சட்டம் அமைத்துத் தரவில்லை. அமைத்துத் தரவேண்டும் என்பது என் எண்ணம். அதுவரை அந்தப் படிகளை நாமே நமக்கு அமைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சன்று. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது நம் தமிழ்நாடு, 64,105 விபத்துக்கள். இளைஞர்கள் மிகுதியாக ஏறும் வண்டி இது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கனத்த மோட்டார் சைக்கிள் என்றதும் தமிழ்நாட்டில் எவருக்கும் நினைவில் எழும் பெயர் புல்லட் என்பதே. அதன் கதை நம் மண்ணோடு ஒட்டியது. ஆகையால் சற்று விரித்துச் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் ராயல் என்பீல்டு கம்பெனியார் 1932-இல் புல்லட் என்ற பெயரை முதன்முதல் ஒரு வண்டிக்கு இட்டனர். விடுதலைக்குப் பின், 1950-களின் முற்பகுதியில், எல்லைப்புறக் காவலுக்கென்று இந்திய இராணுவம் 350 சி.சி. புல்லட் வண்டிகள் எண்ணூறு வாங்கியது. 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தின. சென்னையின் வடகோடியில் உள்ள திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் பகுதிகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டப்பட்டன. பின்னர் அச்சுக்களும் கருவிகளும் வந்தன. வண்டி முழுவதும் இங்கேயே செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் தாய்வீட்டில் தொழில் நசித்துப் பூட்டப்பட்டது. ஒற்றியூரிலோ அது நின்றுவிடவில்லை. 1994-இல் ஐஷர் நிறுவனத்தோடு இணைந்தது. 2013 முதல் ஒரகடத்திலும் தொழிற்சாலை இயங்குகிறது. பெற்றவள் மறைந்த பின்னும் வளர்ப்புத் தாயின் மடியில் வாழ்ந்த பிள்ளை என்று இதனைச் சொல்லலாம்.

பழைய புல்லட்டின் என்ஜினுக்கு 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் இருந்தன; கொள்ளளவு 346 சி.சி. அதனை உதைத்துக் கிளப்புவதே ஒரு வித்தை. பிஸ்டன் மேலேறி அழுத்தத்தின் உச்சியில் நிற்கும்போது முரட்டுத்தனமாக மிதித்தால், நெம்புகோல் திருப்பி அடிக்கும், கணுக்கால் தாங்காது. ஆகையால் முதலில் மெல்ல மிதித்து, விளக்குத் தலைப்பில் உள்ள அம்மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்க்க வேண்டும். பின்னர், அழுத்தத்தை விடுவிக்கும் சிறு நெம்புகோலை இடக் கையால் பிடித்துக்கொண்டு, பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் தள்ளி, நெம்புகோலை விட்டு, நீண்ட ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். இதற்கு உடல் வலிமை பெரிதும் வேண்டியதில்லை. வரிசை தெரிந்தால் போதும். மெலிந்த உடலினரான முதியவர்கள் இரண்டாம் மிதியில் கிளப்புவதையும், பருத்த தோளுடைய இளைஞர்கள் அரைமணி நேரம் வியர்த்து நிற்பதையும் நான் கண்டிருக்கிறேன். இப்பொழுது பொத்தானை அழுத்தினால் என்ஜின் கிளம்பிவிடுகிறது.

அந்தப் பழைய வண்டியில் மற்றொரு விந்தையும் இருந்தது. கியர் வலக்காலுக்கு, பின் பிரேக் இடக்காலுக்கு. அக்கால ஆங்கிலேய வண்டிகளின் மரபு அது. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. 1984-லும் 1985-லும் ஜப்பானியக் கூட்டுறவோடு நூறு சி.சி. வண்டிகள் நம் நாட்டில் புகுந்தபோது, அவற்றில் கியர் இடக்காலுக்கும் பிரேக் வலக்காலுக்கும் இருந்தன. அவற்றில் பழகிய ஒருவர் புல்லட்டில் ஏறினால் என்ன ஆகும்? சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றும் ஆகாது. மூளை விழித்திருக்கிறது, ‘இது வேறு வண்டி’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. குறுக்கே ஓர் ஆடு பாய்ந்தால்தான் ஆபத்து. அப்பொழுது மூளையைக் கேளாமலே வலக்கால் அழுத்தும். வண்டி நிற்காது, கியர்தான் மாறும்.

புதிய புல்லட்டில் இக்குறை நீங்கிவிட்டது. கியர் இடப்புறம் வந்துவிட்டது. ஆனாலும் இதன் சிறு தம்பி ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது. சில நூறு சி.சி. வண்டிகளில் எல்லாக் கியர்களும் ஒரே திசையில் விழும். முன்பாதத்தால் அழுத்த அழுத்த அடுத்த மேல் கியர் வரும். பெரிய வண்டிகளிலோ முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பழைய பழக்கத்தில் ஒருவர் நான்காம் கியரில் விரைந்து போகும்போது ஐந்தாவதை நாடி முன்பாதத்தை அழுத்தினால், மூன்றாவது விழும். என்ஜின் அலறும், பின் சக்கரம் வெடுக்கென்று இழுபடும், சாலை ஈரமாயிருந்தால் வழுக்கவும் கூடும். எனவே புதிய வண்டி வந்தவுடன், மைய ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜின் ஓடாமலே ஒரு நூறு முறை காலால் கியர் மாற்றும் அசைவைப் பழகச் சொல்லுவேன். சிரிப்பாயிருக்கும். எனினும் வீணை பயில்வோர் விரலை வெறுமனே அசைத்துப் பழகுவதில்லையா?

இனி கனத்துக்கு வருவோம். நாம் அன்றாடம் காணும் நூறு சி.சி. வண்டி ஏறக்குறைய 112 கிலோ. இன்றைய 350 சி.சி. வண்டிகளுள் பெயர் பெற்ற ஒன்று 195 கிலோ. வேறுபாடு 83 கிலோ. முழு வளர்ச்சியுற்ற ஒரு மனிதன் கண்ணுக்குத் தெரியாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்று பொருள். ஓடும்போது அவன் தெரியமாட்டான். நிற்கும்போதுதான் தோளில் கை போடுவான்.

வண்டியின் நிறை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், கைப்பிடி ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். நிற்கும் வண்டி ஐந்து பாகை சாய்ந்தால், கைப்பிடியில் நாம் தாங்க வேண்டிய விசை எட்டரைக் கிலோ எடைக்குச் சமம். ஒரு குடம் தண்ணீரைவிடக் குறைவு. இருபது பாகை சாய்ந்தால் அதுவே முப்பத்து மூன்று கிலோ ஆகிவிடும். திரிகோண கணிதம் படித்த மாணவர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். சிறிய வண்டியில் இருபது பாகைச் சாய்வைக் கூட ஒரு காலூன்றி மீட்டுவிடலாம். அந்தப் பழக்கத்தை நம்பிப் பெரிய வண்டியைச் சாயவிட்டால் மீட்க இயலாது. ஆகையால் விதி எளியது: சாயத் தொடங்கும் அக்கணமே தடுக்க வேண்டும், வரம்பு மீறிச் சாய்ந்துவிட்டதானால், காலை விலக்கிக்கொண்டு வண்டியை விட்டுவிட வேண்டும். வண்டியின் கைப்பிடி வளைந்தால் நிமிர்த்தலாம்.

நிறுத்தும் இடத்தையும் முன்பைவிட நன்றாகப் பார்க்க வேண்டும். மில்லர்புரத்துத் தெருக்கள் பெரும்பாலும் சமதளமானவை. ஆனால் தார் முடிந்து மணல் தொடங்கும் ஓரங்கள் எங்கும் உண்டு. ஊன்றும் கால் மணலில் வழுக்கினால் ஐந்து பாகை இருபதாக அரை விநாடி போதும். சரிவில் முன்சக்கரம் கீழ்நோக்க நிறுத்தினால், பின்னுக்கு இழுத்து எடுப்பதற்கு மற்றொருவர் துணை வேண்டியிருக்கும்.

மெதுவாக ஓட்டுவதே முதற்பாடம். சந்தைத் தெருவிலும், பள்ளி விடும் நேரத்திலும், இரயில்வே கேட்டின் முன்னும் நாம் ஓட்டுவது மணிக்கு ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில்தானே? அவ்வேகத்தில் சக்கரங்களின் சுழற்சி வண்டியைத் தாங்கி நிறுத்தாது. ஓட்டுபவரே தாங்க வேண்டும். இதற்கு மூன்று உறுப்புகள் ஒத்துழைக்க வேண்டும். இடக் கை கிளட்ச்சை முழுவதும் பிடிக்காமலும் முழுவதும் விடாமலும், அது பற்றும் பற்றாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். வலக் கை ஆக்சிலேட்டரைச் சிறிதளவு ஒரே சீராகத் திறந்து வைத்திருக்க வேண்டும். வலக்கால் பின் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன் பிரேக்கை அப்பொழுது தொடவே கூடாது. கைப்பிடி திரும்பியிருக்கும் நிலையில், நடைவேகத்தில், முன் பிரேக்கைப் பிடித்தால் கனத்த வண்டி உள்பக்கமாகச் சரிந்து விழும். பெரிய வண்டிகள் விழுவதெல்லாம் நெடுஞ்சாலையில் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு வாசலில் திருப்பும்போது விழுவதே மிகுதி.

ஆக்சிலேட்டர் விஷயத்திலும் கை புதிதாகப் பழக வேண்டும். நூறு சி.சி. என்ஜின் தரும் முறுக்குவிசை ஏறக்குறைய எட்டு நியூட்டன் மீட்டர்; அதுவும் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று ஓடும்போது. 350 சி.சி. என்ஜின் நாலாயிரம் சுற்றிலேயே இருபத்தேழு நியூட்டன் மீட்டர் தருகிறது. சிறிய வண்டியில் புறப்படுவதற்கு நன்றாக முறுக்கியே பழகிய கை, இங்கே அதே அளவு முறுக்கினால் வண்டி துள்ளிப் பாயும். கிளட்ச்சை மெல்ல விட்டாலே, ஆக்சிலேட்டரைத் தொடாமலே, சமதரையில் பெரிய என்ஜின் வண்டியை நகர்த்திவிடும். முதல் நாள் இதையே செய்து பாருங்கள்.

தூத்துக்குடியில் கப்பல் தொழில் தெரிந்தவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம். வெறுந்தோணி சுக்கானைத் தொட்டவுடன் திரும்பும்; காற்றடித்தால் தத்தளிக்கும். சரக்கேற்றிய தோணி நிதானமாகப் போகும். ஆனால் திருப்ப வேண்டுமானால் தண்டல் முன்கூட்டியே சுக்கானைப் பிடிக்க வேண்டும். உப்பளங்களுக்கு இடையே செல்லும் திறந்த சாலைகளில் ஆனி ஆடி மாதங்களில் பக்கக் காற்று வீசும்போது இந்த ஒப்புமை கண்கூடாகத் தெரியும். அம்மியையும் பறக்கவைக்கும் காற்று என்று பேர் பெற்ற அக்காற்றில் சிறிய வண்டி ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. பெரிய வண்டி அவ்வளவு அசைவதில்லை. கனம் தரும் நன்மை இது. ஆனால், நடுவழியில் சாலை வளைகிறதானால், முன்பைவிடச் சற்று முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்கத் தொடங்க வேண்டும்.

சாய்ப்பது எப்படி? வேகமாகப் போகும் இரு சக்கர வண்டியை வலப்புறம் திருப்ப, வலப்புறக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். கணநேரம் முன்சக்கரம் இடப்புறம் நோக்கும். அதனால் வண்டி வலப்புறம் சாயும். சாய்ந்தபின் வலப்புறம் வளையும். விமானத்தைக் கண்ட வில்பர் ரைட், அதற்கு முன் சைக்கிள் செய்து விற்றவர். இந்த உண்மையை அவர் கவனித்துச் சொல்லியிருக்கிறார். சைக்கிளிலும் சிறிய வண்டியிலும் நாம் அறியாமலே, உடலை அசைத்தே, இதனைச் செய்துவிடுகிறோம். இருநூறு கிலோ வண்டி உடலசைவுக்கு எளிதில் இணங்காது; அறிந்தே தள்ள வேண்டும். கண்ணும் வளைவின் முடிவை நோக்கியிருக்கட்டும். எதிரே வரும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி அங்கேதான் போகும்.

பிரேக்கைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கனமான வண்டி நிற்பதற்கு மிகுந்த தூரம் வேண்டும் என்பார்கள். டயரும் பிரேக்கும் கனத்துக்கு ஏற்றவையாயிருந்தால் அப்படியில்லை. கனம் கூடும்போது தரையோடு உள்ள உராய்வும் கூடுகிறது. கணக்கில் நிறை அடிபட்டுப் போகும். தூரத்தைப் பெருக்குவது வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு கை அசைய ஒரு விநாடி ஆகிறதென்றால், அதற்குள் 17 மீட்டர் போய்விடும். நல்ல சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் மேலும் 23 மீட்டர். ஆக 40 மீட்டர். மணிக்கு 80 என்றால் 63 மீட்டர்.

இங்கேதான் பெரிய வண்டி நம்மை ஏமாற்றுகிறது. சிறிய வண்டி 60-ஐ நெருங்கும்போது இரைகிறது, நடுங்குகிறது, ‘போதும்’ என்று கெஞ்சுகிறது. பெரிய வண்டியோ 80-இலும் அமைதியாகப் போகிறது. சிறிய வண்டியில் 50-இல் செல்லும் 60 கிலோ மாணவர், பெரிய வண்டியில் 80-இல் சென்றால், அவரும் வண்டியும் சேர்ந்து சுமக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அவருக்குத் தெரிவதோ முன்பிருந்த அதே சுகம்தான். காதை நம்பிப் பழகியவர் இனி வேகமானியை நம்ப வேண்டும். 1974-இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் பெட்டக லாரிகளுக்கிடையே போகும்போது இது உயிர்க்கணக்கு.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவி கட்டாயம். நல்ல கருவி. ஆனால் மணலிலும் சிந்திக் கிடக்கும் உப்பிலும் உராய்வு இல்லாதபோது, அது உராய்வை உண்டாக்கித் தராது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குச் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன் பிரேக்குடையது. நேராகப் போகையில் அதனைப் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். வெடுக்கென்று பிடிக்க வேண்டாம்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பின்னால் எவரையும் ஏற்றாதிருப்பது நலம். தலைக்கவசம் முதல் நாளிலிருந்தே வேண்டும். கடற்காற்றில் உப்பு இருப்பதால் சங்கிலியைக் கழுவி எண்ணெயிடுவதை உள்நாட்டு ஊர்களைவிட அடிக்கடி செய்ய வேண்டும்.

விழுந்த வண்டியைத் தூக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். குனிந்து கைப்பிடியைப் பற்றி முதுகால் இழுப்பவர் இடுப்பு பிடித்துக்கொண்டு எழுவார். முதலில் என்ஜினை நிறுத்துங்கள். வண்டி வலப்புறம் விழுந்திருந்தால், பக்க ஸ்டாண்டை விரித்து, முதல் கியரில் விடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகு காட்டி, இருக்கையின் விளிம்பில் இடுப்பின் பின்புறம் படியுமாறு உட்காருங்கள். ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் பின்பக்கச் சட்டத்தையும் பற்றுங்கள். முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தொடைகளின் வலிமையால், சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடங்கள். வண்டி எழுந்து ஸ்டாண்டில் சாயும். இடப்புறம் விழுந்ததானால் ஸ்டாண்டு அடியில் அகப்பட்டிருக்கும். நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடாதபடி அப்புறத்தில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள்.